மூன்றாம் கழியின் கயிறு

அந்தப் படகுப்பாய் முதன்முதலில் எங்கள் களத்தில்தான் எழுந்து நின்றது. வரகு அடிக்கும் இடத்தில் என் கணவர் ஒரு சவுக்கு மரத்தை நட்டு, உச்சியில் பொருத்திய உருளை வழியாகக் கயிற்றை இழுத்தார். தரையில் அடுக்காகக் கிடந்த மூங்கில் கழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. உச்சி வெயில். இலை அசையவில்லை. ஆவாரம்பட்டைச் சாயத்தில் ஊறிக் காய்ந்த துணி, கழிகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக விரிந்தது. மூங்கில்கள் மரத்தில் உரசி முனகின. நெடுநாள் படுத்துக் கிடந்த ஓர் ஆள் முதுகெலும்பைக் கணுக் கணுவாக நிமிர்த்தி எழுந்து உட்காருவதுபோல் இருந்தது எனக்கு. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவளோ திமிறிக்கொண்டு கைதட்டினாள்.

வழியில் போன மடைக்காரர் நின்று பார்த்தார். ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர்; என் கணவருக்கு மாமா முறை.

“ஏன் மாப்ள, கப்பல் எப்பப் பொறப்படுது? நாகப்பட்டணம் வரைக்கும் ஒரு டிக்கெட் போடு.”

“ஏரிக்கு அக்கரை வரைக்குந்தான் மாமா.”

“அக்கரைக்கு நடந்தே போயிடலாமேப்பா. கரைமேல போனா ஒரு வெத்தல மெல்ற நேரம்.”

என் கணவர் சிரித்தார். கண்கள் சிரிக்கவில்லை. அவர் பார்வை பாயில் இல்லை, மரத்தில் இருந்தது. கழிகளை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கிற வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் நாங்கள் பினாங்கில் இருந்தோம். அவர் துறைமுகக் கிடங்கில் கிளார்க். சண்டை அந்தப் பக்கமும் வரும் என்ற பேச்சு எழுந்தபோது, கர்ப்பமாக இருந்த என்னை மட்டும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார். பின்னாலேயே வருவதாகச் சொன்னார். ஜப்பான்காரன் முந்திக்கொண்டான். அதன்பிறகு கடிதம் இல்லை, காசு இல்லை, இருக்கிறாரா இல்லையா என்ற செய்தியும் இல்லை. மகள் இங்கேதான் பிறந்தாள், நடந்தாள், பேசினாள். சண்டை முடிந்து, அதற்கும் பிறகு ஒரு நாள், அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி வண்டி பிடித்து வந்து வாசலில் நின்றார். மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கும் யார் பின்னாலாவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது என்பதை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

வந்தவர் பேசவில்லை. கதவு சாத்திய அறையில் அவரால் உட்கார முடியவில்லை. மழைக்காலம் நெருங்க நெருங்க ஏரிக்கரையிலேயே இருந்தார். பிறகு ஒரு நாள் கொள்ளிடத்துத் துறையிலிருந்து ஒரு பழைய சிறு ஓடத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஏரியில் இறக்கினார். அதற்குச் சீனர்கள் கட்டுகிற மாதிரி ஒரு பாய் கட்டப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

கேட்ட அன்றே அவர் சொல்லிவிடவில்லை. மூங்கிலைச் சீவும்போது கொஞ்சம், சாயம் காய்ச்சும்போது கொஞ்சம் என்று வந்தது. நான் சேர்த்து எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் இருந்த காலத்தில் கிடங்கு வேலை போய்விட்டது. ஒரு சீனர் அவரைத் தன் சிறு படகில் சேர்த்துக்கொண்டு சோறு போட்டார். கரையோரமாக விறகும் கரியும் ஏற்றிப் போகும் படகு. சீனருக்குத் தாயில்லாத ஒரே மகள், சின்னப் பெண். அவளும் படகில்தான் இருந்தாள். பாயை இறக்கும்போது மரத்தடியில் நின்று கழிகளைக் கையால் இழுத்து அடுக்குவது அவள் வேலை. ஒரு நாள் தூறலோடு காற்று பிடித்தது. பாயை இறக்கச் சொல்லிச் சீனர் கத்தினார். இவர் கயிற்றை விட்டார். பாய் பாதி வந்து நின்றுவிட்டது. அந்தப் பெண் மரத்தைப் பிடித்து ஏறி, கழியில் தொங்கி இழுத்திருக்கிறாள். வரவில்லை. படகு சாய்ந்து கவிழ்ந்தது. இவர் ஒரு பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தார். அவர்கள் இரண்டு பேரும் சேரவில்லை.

“மொத நாள் சாயங்காலம் ஒரு வளையம் அறுந்திருந்துச்சு,” என்றார். “கீழருந்து மூணாவது கழி. மாத்திப் போடப் பிரம்பு இல்ல. நாந்தான் கயித்தப் போட்டுக் கட்டுனேன்.”

நான் சாயத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

“தளர்வாத்தான் கட்டுனேன். காலையில வெரல் விட்டுப் பாத்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தளர்வாத்தான் இருந்துச்சு.”

இதுதான் காரியம். தன் கட்டுதான் பாயை நிறுத்தியதா, வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிவதற்காக அதே பாயை, அதே மாதிரி, எங்கள் ஏரியில் கட்டிப் பார்க்கிறார்.

அது துணியைக் கண்ட்ரோலில் அளந்து கொடுத்த காலம். அவருடைய பழைய வேட்டிகளையும் என் இரண்டு நூல் புடவைகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்தேன். கழிக்கும் கழிக்கும் நடுவில் ஒரு பட்டை என்று கணக்கு. நடுப்பட்டைக்குத் துணி போதவில்லை. அவர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, அடியிலிருந்து ஒரு வெள்ளைப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத புதுப் புடவை. நடுவில் காய்ந்த வேப்பிலை உதிர்ந்தது.

அவருடைய அக்கா அப்போது கூடத்தில் முறம் புடைத்துக்கொண்டிருந்தார். இளம் வயதிலேயே புருஷனை இழந்து, தம்பி இல்லாத ஆண்டுகளில் நிலத்தையும் எங்களையும் கட்டிக் காத்தவர். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

“இது யாருக்குக்கா?” என்றார் இவர்.

“எனக்குத்தான். இந்த வூட்டுல வேற யாரு வெள்ளக் கட்டுறா?”

“உன் பொடவையெல்லாம் கொடியில கெடக்கு. இது பொட்டிக்கு அடியில இருக்கே.”

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். பதிலை அவரிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“கண்ட்ரோல்ல துணி எப்ப வரும், எப்ப வராதுன்னு யாரு கண்டா. வந்தப்ப வாங்கி வெச்சேன். நல்ல நாளுக்குத்தான் துணி வேணும்னு இருக்கா.”

எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அன்றுதான் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நல்ல நெசவுக்கா. கெட்டியா இருக்கு. நடுவுல போட்டா தாங்கும்.”

எனக்காக வாங்கி வைத்திருந்த அந்தப் புடவையை நானே தைத்தேன். அண்ணிமேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. செய்தி வந்திருந்தால், அந்த நாளில் துணிக்கு எங்கே அலைவது என்றுதானே நினைத்திருப்பார். முறையாகச் செய்ய வேண்டியதை முறையாகச் செய்ய நினைத்தார். ஆனாலும் அந்தத் துணியில் ஊசி இறங்கும்போதெல்லாம் விரல் சில்லென்று இருந்தது. சாயத்தில் முக்கிய பிறகும் மற்றப் பட்டைகளைவிட அது ஒரு பூச்சு வெளுப்பாகவே நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் பாயின் நடுவில் ஒரு ஆள் குறுக்கே படுத்திருப்பதுபோல் தெரியும்.

வளையங்களுக்கு, உடைந்த நாற்காலி ஒன்றின் பிரம்பைப் பிரித்து ஊறவைத்து வளைத்தார். மூன்றாம் கழிக்கு மட்டும் பிரம்பு வைக்கவில்லை. அங்கே செய்த மாதிரியே கயிறு கட்ட வேண்டும் அல்லவா. எங்கள் பக்கத்துப் புளிச்சை நார்க் கயிறு. அதை அவர் கட்டும்போது நான் அருகில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

கயிற்றை எடுத்தார். நேரே மாட்டுத்தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் முக்கினார். பிழிந்தார். மரத்தைச் சுற்றி வரிந்து, முழங்காலை மரத்தில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். இந்தப் பக்கத்தில் ஏர் பூட்டிப் பழகிய ஆண்பிள்ளை எவனும் கயிற்றை நனைக்காமல் கட்டமாட்டான். கலப்பையானாலும் வண்டியானாலும் அப்படித்தான். என் கணவர் கிடங்கில் பேனா பிடித்தவர்தான். ஆனால் கை இந்த ஊர்க் கை. அது போய்த் தொட்டியில் முக்கியதை அவர் கவனிக்கவே இல்லை.

மத்தியானம் கயிறு காய்ந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாரு, வெரல் போவுது. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

விரல் போயிற்று. என் பார்வை அவர் தோளைத் தாண்டிக் கொல்லையில் இருந்த துணிக்கொடிக்குப் போனது. அதுவும் அதே நார்க் கயிறு. வெயிலில் தொய்ந்து புடவை நுனி மண்ணைக் கூட்டும். நாலு தூறல் விழுந்தால் போதும், சுருங்கி விறைத்துக்கொண்டு முட்டுக்கொடுத்த கவட்டைக் கம்பையே தள்ளிவிடும். மழைக்காலத்தில் துணி துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்.

வாயைத் திறந்தேன்.

“என்ன?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. சாப்பிட வரீங்களான்னு கேக்க வந்தேன்.”

எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மரத்தின் வழுவழுப்பு, பாயின் பாரம், காற்று, இதெல்லாம் கணக்கில் வேறு மாதிரி இருக்கலாம். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான்; அதில் பாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறகு வேறொன்றும் நினைத்தேன். நான் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? அவர் கட்டிய கட்டுத்தான் என்று தெரிந்த பிறகு இந்த மனிதர் எப்படிச் சாப்பிடுவார், எப்படிப் படுப்பார்?

ஓடத்தில் மரத்தை நிறுத்தி ஏரியில் விட்ட நாளிலிருந்து நல்ல வெயில். வாடைக்காற்று மெல்ல வீசியது. அவர் பின்பக்கத்தில் உட்கார்ந்து துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு கழியின் வால்முனையிலிருந்தும் ஒரு சிறு கயிறு இறங்கி, துளைபோட்ட ஒரு மரக்கட்டையில் சேர்ந்து, கடைசியில் அவர் கையில் ஒரே கயிறாக முடியும். அந்த ஒரு கயிற்றை இழுத்தால் பாய் முழுவதும் கதவுபோல் திரும்பும். நாரைகள் எழுந்து பறந்தன. தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தோடு அப்படியே நின்றார்கள். கொஞ்ச நாளில் அந்தத் துறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். தண்ணீரில் அது போகும்போது சத்தமே இல்லை என்றாள் ஒருத்தி. அதுதான் எனக்கும் பிடிக்கவில்லை.

எங்கள் வயல்களில் உழும்போதெல்லாம் கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் கிடைக்கும். இந்த மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவாள். அவர் அந்தக் கல்சிப்பிகளை ஒரு சாக்கில் போட்டார். ஒரு கையில் சாக்கைத் தூக்கினார்; மறு கையில் மகளைத் தூக்கினார். இறக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டார். மறுபடியும் இரண்டையும் தூக்கினார்.

“அவ இவளவிட ஒரு பிடி கனம்,” என்றார்.

அந்தச் சாக்கை மரத்தடியில் வைத்துக்கொண்டுதான் பாயை ஏற்றினார், இறக்கினார். ஒவ்வொரு முறையும் கயிற்றை விட்டதும் பாய் விசிறிபோல் மடிந்து கீழே வந்து அடங்கியது. மூன்றாம் கழி எங்கும் நிற்கவில்லை. கட்டு தளர்வு என்று காட்டியாயிற்று. அவர் முகம் தெளிய வேண்டும். தெளியவில்லை.

“தூறல் இருந்துச்சு அன்னிக்கு,” என்றார் சாப்பிடும்போது. “தூறல் நாளாப் பாக்கணும். அப்பறம், கல்லு அசையாது. அவ எந்திரிச்சு மரத்தப் புடிச்சா. அந்தப் பாரத்துல மரம் சாஞ்சு வளையம் மாட்டியிருக்கும். அப்படித்தான் இருக்கணும்.”

நான் கரண்டியைச் சட்டியில் வைத்தேன்.

“அதுக்கு என்னங்க செய்யணும்?”

“புள்ளைய ஒரு தடவ உக்கார வெச்சுப் பாக்கணும். கரையோரமாத்தான். நான் பக்கத்துலயே இருப்பேன்.”

அந்தப் பெண்ணின் பக்கத்திலும் இவர் இருந்தார் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். அவர் கொடுமைக்காரர் இல்லை. மகளுக்குச் சிறு காய்ச்சல் வந்தால்கூட விட்டு நகராதவர். ஆனால் அன்று அவர் மகளைப் பார்த்த பார்வை அவளுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

“அமோய், தண்ணி கொண்டா,” என்றார் அவளிடம்.

அங்கே சிறு பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பினாங்கு ஞாபகம் வந்தது. மகளோ முன்னமே பழகிய பெயர்போல எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“யாருடி அமோய்?” என்று பிற்பாடு கேட்டேன்.

“நானும்தான்,” என்றாள்.

அந்த ‘உம்’ என்னை ஒரு நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தைப் பேச்சு, இலக்கணம் பார்த்தா பேசுகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரிடம் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டால் மகள் ஓடத்தில் ஏற வேண்டியதில்லை. ஆனால் இவர் என்ன ஆவார் என்று தெரியாது. சொல்லாமல் விட்டால் மகள் ஏறுவாள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் அரிசியில் கல் பொறுக்க மறந்தேன். அண்ணி ஒரு வாய் சாப்பிட்டு, கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

“ஏம்மா, ஏரியில போடுற கல்லு பத்தாதுன்னு சோத்துலயும் போட்டியா?”

நான் அழுதுவிட்டேன். அண்ணி எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது அவர் வழக்கம்.

தூறல் நாள் வந்தது. காலையிலேயே வானம் ஏரிமேல் கவிழ்ந்து கிடந்தது. கரையும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம்.

“புள்ளையக் கூட்டிட்டு வா,” என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் போனார்.

மகளுக்குத் தலை துவட்டி, நல்ல பாவாடை கட்டினேன். பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போய்க் கதிர் அறுக்கும் சிறு அரிவாளை எடுத்துக் கந்தலில் சுற்றி இடுப்பில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டேன். திரும்பினால் அண்ணி நிற்கிறார்.

“என்னம்மா, கதிர் அறுக்கவா போற?”

நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“கதிர் இன்னும் பால் புடிக்கலியே,” என்றார். பின் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நடந்தார்.

என் கணவர் ஓடத்தில் தயாராக இருந்தார். கல் சாக்கைக் கரையில் எடுத்து வைத்திருந்தார். மரத்தடி இடம் காலியாக இருந்தது. மகள் அதைப் பார்த்ததும் குதித்துக்கொண்டு ஓடப் பார்த்தாள். அண்ணி கையை விடவில்லை. நான் தண்ணீரில் இறங்கி, முழங்கால் வரை நனைந்து, ஓடத்தில் கால் வைத்து, அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

“நீ எதுக்கு?” என்றார்.

“நானும் அசைவேன்.”

“நீ கனம் அதிகம்.”

“எந்திரிச்சு மரத்தப் புடிக்கணும், அவ்வளவுதானே. புடிக்கிறேன்.”

“அவளுக்கு நீஞ்சத் தெரியாதுடா,” என்றார் அண்ணி கரையிலிருந்து.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சு ஏத்துறியா? நல்லா ஏத்து. ரெண்டு பேரும் திரும்பி வரலன்னா இந்தப் புள்ளய நான் பாத்துக்குவேன், கவலைப்படாத. எனக்கு இதெல்லாம் புதுசா.”

மகள் தன்னை விட்டுப் போகிறோம் என்று அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை தண்ணீர்மேல் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பாய் ஏறியது. தூறல் அதன்மேல் விழும் ஓசை, மாவு சலிக்கும் ஓசைபோல் இருந்தது. நான் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். தலைக்குமேல் மூன்றாம் கழி. அதில் அந்தக் கயிறு. முதலில் மஞ்சளாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. கரையை விட்டு விலகமாட்டேன் என்றவர் விலகிக்கொண்டே போனார். மதகுக்கு நேரே வந்தபோது வடகிழக்கில் தண்ணீரின் தோல் சுருங்கியது. காற்று வருகிறது என்று எனக்கே தெரிந்தது.

“இப்ப விடுறேன்,” என்றார். குரல் அவருடையதுபோல் இல்லை. “எந்திரிச்சு மரத்தப் புடி.”

எழுந்து பிடித்தேன். அவர் கயிற்றை விட்டார். மேல் கழிகள் சடசடவென்று இறங்கின. மூன்றாம் கழிமேல் வந்து விழுந்து நின்றன. மூன்றாம் கழி அசையவில்லை.

பாதிப் பாய் அப்படியே விரிந்து நிற்க, மீதிப் பாய் மூங்கில் கட்டோடு என் தலைக்குமேல் குவிந்திருந்தது. காற்று அதில் வந்து அறைந்தது. ஓடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கைகள் என்ன செய்யும் என்று முன்பே தெரிந்தவரைப்போல.

நான் ஒரு கையால் கழியைப் பிடித்துத் தொங்கினேன். மறு கையால் அரிவாளை உருவி, கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தேன். விரல் போன இடத்தில் அரிவாள் நுனிகூடப் போகவில்லை. மேலேயே வைத்து அறுத்தேன். நார் ஒவ்வொன்றாகத் தெறித்தது. அப்போது, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, கழியைப் பிடித்திருந்த என் கைக்குக் கீழே யாரோ அதே கழியைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு பாரம். சின்னப் பாரம். மகள் என் முந்தானையைப் பிடித்துத் தொங்கினால் இருக்குமே, அவ்வளவு. ஈரத்துணியின் கனமாக இருக்கும். காற்று திரும்பியிருக்கும். இரண்டையும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கயிறு அறுந்தது. கழிகள் எல்லாம் என்னையும் சேர்த்துக்கொண்டு கீழே விழுந்தன. நடுப்பட்டை, அந்தப் புடவை, என் முகத்தில் ஈரமாகப் படிந்தது. ஓடம் நிமிர்ந்தது.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். மரத்தில் ஒட்டியிருந்த கயிற்றை விரலால் நெம்பி எடுத்தார்.

“அருவா எதுக்கு எடுத்துட்டு வந்த?”

“கயிறு இறுகும்னு நெனச்சேன்.”

“எப்படித் தெரியும்?”

“நம்ம துணிக்கொடி மழையில இறுகுமேங்க. நீங்க நனைச்சுக் கட்டுனீங்க. காஞ்சதும் தளர்ந்துச்சு. நனைஞ்சா பழையபடி இறுகும்.”

“நான் நனைச்சனா?”

“தொட்டியில முக்குனீங்க.”

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தூறல் அந்தக் கையில் விழுந்துகொண்டிருந்தது.

“அவ கையில அருவா இல்ல,” என்றார்.

நான் உள்ளே வந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்தேன். அவர் கோல் ஊன்றி ஓடத்தைக் கரை சேர்த்தார். அண்ணி மகளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“கதிர் அறுத்தாச்சா?” என்றார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது அவருக்கு.

அன்று வீட்டுக்கு வந்து கூடத்தில் படுத்தவர் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அண்ணி இரண்டு முறை மூக்கில் கைவைத்துப் பார்த்தார். எழுந்ததும் கதவுப் பக்கமாக உட்கார்ந்து அழுதார். அந்தச் சீனரின் பெயரையும் அவர் மகளின் பெயரையும் அன்றுதான் எனக்குச் சொன்னார். அவற்றை நான் எழுதப்போவதில்லை. எள்ளும் தண்ணீரும் யார் விடுவது, அவர்கள் முறை என்னவோ என்று அண்ணியைக் கேட்டார். தண்ணிக்கு என்ன முறை, விடு என்றார் அண்ணி. ஏரியிலேயே விட்டார்.

நான் பயந்ததுபோல் அவர் உடைந்துபோகவில்லை. தெளிந்தும் போகவில்லை. தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். பேசுகிறார், வயலுக்குப் போகிறார், சாத்திய அறையில் உட்காருகிறார். ஓடத்தைக் கொள்ளிடத்துக்கே திருப்பி அனுப்பினோம். மூங்கில்கள் பந்தலுக்குப் போயின. பாயைப் பிரித்தபோது அண்ணி அந்த நடுப்பட்டையைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டார். எத்தனை முறை துவைத்தும் சாயம் போகவில்லை. இந்த வருஷம் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, ஒன்றும் சொல்லாமல் அதைக் கொண்டுவந்து தூளி கட்டிவிட்டார். கெட்டி நெசவு. தாங்குகிறது.

இதை எழுதும்போது அந்தத் தூளி என் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. வெளியே தூறல் விழ ஆரம்பித்தால் அவர் என்ன வேலையில் இருந்தாலும் எழுந்துவிடுகிறார். கொல்லைக்குப் போய்த் துணிக்கொடியின் முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுகிறார். உள்ளே வந்து தூளியை விலக்கிப் பிள்ளையைப் பார்க்கிறார். மகள் எங்கே என்று பார்க்கிறார். பிறகும் வாசலைப் பார்த்தபடி கொஞ்சம் நிற்கிறார், இன்னும் ஓர் ஆள் நனைந்துகொண்டு வரவேண்டியிருப்பதுபோல.

சாரல் உள்ளே அடிக்கிறது என்று அண்ணி சத்தம் போடுவார். நான் கேட்காததுபோல் இருந்துவிடுகிறேன். கதவை உடனே சாத்துவதில்லை.